மச்சான் கட்டிய கடதாசிக் குழல்

மச்சானோடு கதைப்பது லேசான வேலையல்ல. ஒரு வசனத்தைத் தொடங்கிவிட்டு முடிவில் வாய்க்குள்ளே விழுங்கினால் விட மாட்டார். "கடைசிச் சொல்லு விளங்கல்ல" என்று காதைக் கொண்டு வருவார். புதிதாக வருகிறவர்கள் இவர் காது கேளாத மனிதர் என்று நினைத்துக்கொண்டு சத்தம் போடத் தொடங்குவார்கள். கேளாத காதாவது! பக்கத்து வளவில் தேங்காய் விழுந்தால் இளசா முற்றலா என்று இருந்த இடத்திலிருந்து சொல்கிற காது அது. ஒருவர் வாயிலிருந்து புறப்பட்டது வழியில் எதுவும் குறையாமல் வந்து சேர வேண்டும், அதுதான் அவருக்கு வேண்டியது. அப்படி ஒரு மனிதரோடு குடும்பம் நடத்தியவள் என் ராத்தா, கூடப்பிறந்த அக்கா. அவளுக்கு அல்லாஹ் சுவர்க்கத்தைக் கொடுத்திருப்பான்.

அவர் ராத்தாவின் புருஷன். நான் அவரை மச்சான் என்றுதான் கூப்பிட்டேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். பெயரைச் சொன்னால் ஊரில் இன்னும் நாலு பேர் அடையாளம் கண்டு கதை கட்டுவார்கள். எங்கள் வாப்பா ராத்தாவுக்குக் கொடுத்த சீதன வீட்டுக்கு அவர் குடிவந்தபோது நான் மீசை முளைத்த இளந்தாரி. பிறகு எனக்கும் கலியாணமாகி, நாலு வளவு தள்ளிப் பெண்வீட்டுக்குப் போய், கல்முனைக் கடைத்தெருவில் புடவைக் கடையும் போட்டேன். கடையைப் பூட்டிவிட்டு வரும் வழியில் ராத்தா வீட்டுக்குள் ஒரு எட்டு வைக்காமல் போனதில்லை. ஆகவே அவருடைய பைத்தியத்தை ஆதியிலிருந்து பார்த்தவன் நான். பைத்தியம் என்றுதான் அப்போது சொன்னேன்.

தொழிலில் அவர் வட்டவிதானை. சாகாமக் குளத்துத் தண்ணீர் பாயும் ஒரு வயல்வெளிக்கு, யாருக்கு எப்போது எவ்வளவு தண்ணீர் என்று பங்கிட்டுக் கொடுக்கும் பொறுப்பு அவருடையது. ஒரு போகத்தில் மழை ஏமாற்றிவிட்டது. வாய்க்காலின் தலைப்பில் காணி வைத்திருந்த பெரிய போடியார் ஒருவர், தன் வயல் நிறைந்த பிறகும் மறிப்புப் பலகையைத் தூக்க விடவில்லை. வாய்க்காலின் கடைசியில் ஒரு கைம்பெண்ணின் துண்டு வயல் வெடித்துக் கிடந்தது. மச்சான் என்ன செய்தார் தெரியுமா? சண்டை பிடிக்கவில்லை. பலகையைத் தூக்கி வரம்பில் போட்டு, அதன் மேலேயே விடியற்காலைச் சுபஹு தொழுத கையோடு குந்திவிட்டார். போடியார் வந்து கத்தினார். ஆட்கள் வந்து கத்தினார்கள். பின்னேரம் அசர் தொழுகை நேரத்தில் அந்தப் பெண்ணின் வயல் மூலை நனைந்தது என்று ஆள் வந்து சொன்ன பிறகுதான் எழும்பினார்.

"மேல்வயலுக்கு விதானை தேவையில்ல. அங்க தண்ணி தானாப் பாயும். நான் இருக்கிறதே கடைசி வயலுக்குத்தான்" என்று போடியாரிடம் சொன்னாராம். அதைச் சொல்லும்போதும் குரலை உயர்த்தியிருக்க மாட்டார்.

இந்த மனிதருக்குக் கிராமபோன் ஆசை எப்படிப் பிடித்தது என்று எனக்குத் தெரியாது. ஒருமுறை கொழும்புக்குப் போனவர், தோட்டத்துரை ஒருவர் விட்டுப் போன பழைய கைச்சாவி மெசின் ஒன்றைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்து இறங்கினார். எங்கள் தெருவுக்கு அப்போது மின்சாரம் வரவில்லை. சாவி முறுக்கினால் சுற்றும், ஊசி இசைத்தட்டில் ஓடும், பாட்டு வரும். வேறு யாராயிருந்தாலும் அதோடு சந்தோஷமாக இருந்திருப்பார்கள். மச்சான் ஒரு கிழமை கேட்டார். பிறகு முகத்தைச் சுளித்துக்கொண்டு, இரும்பூசி பாட்டை உழுகிறது என்றார்.

அன்று தொடங்கியது முள் வேட்டை. கடற்கரை மணலில் அடர்ந்து கிடக்கும் நாகதாளியின் முள்ளை ஊசியாகப் போட்டால் பாட்டு நோகாமல் வரும் என்று எங்கேயோ கேட்டுவிட்டார். வெள்ளிக்கிழமைகளில் என்னையும் இழுத்துக்கொண்டு போவார். நான் புடவைக் கடை முதலாளி, வெள்ளைச் சாரன் கட்டியவன், நாகதாளிப் பற்றைக்குள் குனிந்து முள் பிடுங்குகிறேன்! மீன்பிடிக்காரர்கள் தோணியை விட்டுவிட்டு எங்களை வேடிக்கை பார்ப்பார்கள். வயிற்றுக்குத்துக்கு மருந்தா என்று ஒருவன் கேட்டான். மச்சான் அவனுக்குப் பாட்டும் ஊசியும் பற்றி முழு விளக்கம் கொடுத்தார். அவன் மருந்து என்றே ஊரில் போய்ச் சொன்னான். முள்ளைச் சுடுமணலில் வறுத்துக் காயவைத்து, தட்டின் ஒரு பக்கம் ஓடியதும் முள்ளின் நுனியைச் சாய்வாக வெட்டிப் புதிதாக்க வேண்டும். வெட்டுவதற்கு ராத்தாவின் பாக்குவெட்டிதான் சரியாக வந்தது. அந்தப் பாக்குவெட்டியால் அந்த வீட்டில் நடந்த சண்டையைத் தனியே எழுதலாம்.

முள் சரிவந்ததும் குழலில் குறை கண்டார். மெசினோடு வந்த தகரக் குழல் எல்லாரையும் ஒரே மூக்கால் பாட வைக்கிறதாம். பிரம்பு பின்னுகிறவர்களிடம் ஒரு பெரிய கூடு சொல்லிச் செய்வித்தார். சீமெந்துப் பைக் கடதாசியைக் கிழித்து, மருதமுனை நெசவாளர்கள் நூலுக்குப் போடுகிற கஞ்சியில் மயில்துத்தம் கலந்து, கூட்டின் உள்ளே பூசிப் பூசி ஒட்டினார். முதல் குழல் இரண்டு முழம். போதாது என்றார். அடுத்தது நாலு முழம். கடைசியில் வந்தது ஆள் உயரத்துக்கு வாய் அகன்ற ஒரு ராட்சதக் குழல். அதைக் கதவால் கொண்டு போகவும் முடியாது, வைக்கவும் இடமில்லை.

இசை கேட்பது ஹறாமா ஹலாலா என்று ஊரில் முணுமுணுத்தார்கள். அவரோ பள்ளியில் பாங்கு கேட்டதும் மெசினை மூடிவிடுவார், நோன்பு மாதம் முழுக்கத் தொட மாட்டார். பள்ளி ஹஸ்ரத்தை அவரே வீட்டுக்குக் கூட்டி வந்து, பிழை என்றால் சொல்லுங்கள், விட்டுவிடுகிறேன் என்றார். ஹஸ்ரத் ஒரு தட்டின் இரண்டு பக்கத்தையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தேத்தண்ணீரைக் குடித்தார். "நேரமாகுது" என்று எழும்பிப் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த முணுமுணுப்பு இல்லை.

நான்தான் நம்பாமல் இருந்தேன். ஆட்களைக் கூட்ட என் கடையிலும் ஒரு சின்ன மெசின் பாடிக்கொண்டிருந்தது. எது பாடினாலும் பாட்டு பாட்டுத்தானே, இதற்காக ஒரு மனிதர் இவ்வளவு அல்லற்படுவதா என்று முகத்துக்கு நேரே சொன்னேன். அடுத்த வெள்ளி, ஜும்மா முடிந்து சோறு தின்ற பிறகு, என்னைப் பாயில் இருத்தினார். போட்டது என் கடையில் நான் நூறு தரம் கேட்ட தட்டுத்தான். ஒருவர் முன்னின்று பைத்துப் பாட, பின்னால் சிலர் சேர்ந்து பாடுவார்கள், ஒரு றபான் கொட்டு அடிபடும். புதிய முள்ளை மாட்டிச் சாவி முறுக்கி விட்டார்.

முதலில் பாடகர் மூச்செடுப்பது கேட்டது. பாடுவதற்கு முன்னால் ஒரு மனிதர் நெஞ்சை நிரப்பிக்கொள்வது. அது ஒரு பக்கமிருக்க, இரண்டாவது அடி முடிந்து எல்லாரும் நிறுத்திய இடத்தில், ஒரு கிழட்டுக் குரல் கொஞ்சம் பிந்தி வந்து சேர்ந்தது. அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதேயில்லை. ஆர் இது என்று கேட்டேன்.

"தெரியா. வயசாளி. மத்தவங்களோட ஓடிப் பிடிக்க ஏலாம மூச்சு முட்டி வாறார். உங்கட கடை மெசின்ல அவர் இல்ல." முள்ளைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "அந்த மனிசனும் வந்து நிண்டு பாடித்தானே இருக்கார், மச்சான். வந்து பாடின ஒராள இல்லாமலாக்கிப் போட்டு, பாட்டுக் கேட்டன் எண்டு நான் எப்பிடிச் சொல்ற?"

எனக்கு மேனி சிலிர்த்தது. பொய் சொல்லவில்லை, கண்ணும் கலங்கியது. கடைக்குப் போய் அதே தட்டைப் போட்டுப் பார்த்தேன். கிழவர் இல்லை. மூன்று தரம் போட்டேன், இல்லை. அன்றைக்குப் பிறகு என் கடை மெசினைக் கேட்கவே எனக்குப் பிடிக்காமல் போனது. அதற்காகவும் மச்சான்மேல் எனக்கு ஆத்திரம்.

பெருமைக்கு வாங்குகிறவர்களையும் நான் கண்டிருக்கிறேன். ஊரில் ஒரு பெரிய மனிதர் பளபளவென்று மெருகேற்றிய ரேடியோப் பெட்டியை வாங்கி, துணி போட்டு மூடி, சாவியை அரையில் செருகிக்கொண்டு திரிந்தார். அது பாடி யாரும் கேட்டதில்லை. நீர்ப்பாசன வேலைக்கு வந்திருந்த எஞ்சினியர் ஒருவர் பங்களாவில் இயந்திரம் வைத்து மின்சாரம் எடுத்து, அலுமாரி போன்ற ஒரு ரேடியோகிராமை ஓடவிட்டார். மச்சானைக் கூப்பிட்டுக் கேட்கக் கொடுத்தாராம். திரும்பி வந்தவரிடம் எப்படி என்று கேட்டேன். சத்தம் நிறைய, ஆட்கள் குறைய என்றார். அவ்வளவுதான் அவருடைய தீர்ப்பு. அவருக்கு மெசின் மேல் ஆசையில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பாடினவர்களில் ஒருவர்கூட வெளியில் நிற்கக் கூடாது என்ற தவிப்பு அது. அதற்கு முடிவு ஏது?

இனி அந்த ராட்சதக் குழல். வாப்பா கொடுத்த மண்சுவர் வீட்டை உடைத்துவிட்டு, மூத்த மகள் ஜெமீலாவுக்காக மச்சான் கல்வீடு எழுப்பிக்கொண்டிருந்த நேரம் அது. எங்கள் ஆட்களிடையே வீடு பெண்ணுக்குத்தான். மகளுக்கு மாப்பிள்ளை வந்ததும் தாய் தகப்பன் பின் வளவில் சின்னதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு ஒதுங்கிவிடுவார்கள். ஆகக் கட்டுகிறவனுக்கு அந்த வீட்டில் நாலு வருசமோ எட்டு வருசமோ தவணை. இது தெரியாத ஆள் எங்கள் பக்கம் கிடையாது. மச்சான் அந்த வீட்டின் நடுச்சுவரில் ஓட்டை போட்டார்!

மெசின் சுற்றுகிற இரைச்சல் பாட்டோடு கலக்கக் கூடாதாம். ஆகவே மெசின் உள்ளறையில். குழலின் கழுத்து சுவருக்குள்ளால் வந்து, வாய் முன் கூடத்தில் அகலத் திறந்திருக்கும். கேட்கிறவர் கூடத்தில் பாயில் இருப்பார். பாட்டு மட்டும் வரும், மெசின் வராது. அந்த உள்ளறை நாளைக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் படுக்கிற அறையல்லவா என்று மேசனே கேட்டான். ராத்தா தலையில் அடித்துக்கொண்டாள். ஜெமீலாவுக்கு இன்னும் வயதிருக்கிறது, அதுவரைக்கும் கேட்டுவிட்டு அடைத்துக் கொடுத்துவிடுகிறேன் என்று மச்சான் சமாதானம் சொன்னார்.

அடைக்கவே வேண்டாம் என்று சொன்ன ஒரே ஆள் ஜெமீலா. வாப்பாவின் பக்கத்தில் இருந்து முள் வெட்டிக் கொடுப்பது அவள்தான். அந்தக் கிழட்டுக் குரலுக்கு அவள், பாட்டனைக் கூப்பிடுவதுபோல, 'பிந்தின அப்பா' என்று பெயரும் வைத்திருந்தாள். தன் வீட்டில் அது இருக்கட்டும், கலியாணத்துக்குப் பிறகும் வாப்பா வந்து கேட்கலாம் என்பாள். அப்போது மச்சானின் முகத்தைப் பார்க்க வேண்டும். ஊரே சிரித்த ஒரு காரியத்துக்கு ஒரு துணை கிடைத்துவிட்டால் போதாதா?

ஜெமீலாவுக்குப் பதினெட்டு ஆனது. சாய்ந்தமருதிலிருந்து ஒரு சம்மந்தம் வந்தது. வந்தது என்று ஏன் ஒளிக்கிறேன்? கொண்டுவந்தவன் நான்தான். மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார், அரசாங்கச் சம்பளம். தகப்பன் என் கடைக்கு வருகிற கண்ணியமான மனிதர். ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் வீடு பார்த்து நாள் குறிக்க வந்தார்கள். மார்க்கப் பேணுதலான குடும்பம், பாட்டு மெசினைக் கண்டு முகம் சுளிக்கக் கூடாதே என்று மச்சான் விடியவே மெசினைக் கழற்றிக் குசினிக்குக் கொண்டு போய் வைத்துவிட்டார். கூடத்தில் குழலின் வாயை ஒரு மெல்லிய மருதமுனைத் துணியால் மூடினார். உள்ளறையில் குழலின் கழுத்துக்கு முன்னால் ஒரு திரையைத் தொங்கவிட்டார். மெசின் இல்லாவிட்டால் அது வெறும் கடதாசிதானே. அவரும் அப்படித்தான் நினைத்தார். அவ்வளவு கேட்கத் தெரிந்த மனிதருக்கு அது தோன்றாமல் போயிற்று.

ஆண்கள் கூடத்தில் இருந்தோம். மாப்பிள்ளையின் தகப்பன், எங்கள் குடிக்குப் பள்ளியில் பொறுப்பாயிருந்த மரைக்கார், மச்சான், நான். பெண்கள் உள்ளறையில் பாய் போட்டு இருந்தார்கள். மாப்பிள்ளையின் உம்மா சுவரோடு சாய்ந்து, திரைக்குப் பக்கத்தில் தன் தங்கச்சியோடு இருந்திருக்கிறாள். ராத்தா பலகாரம் எடுக்கக் குசினிக்குப் போனாள். ஜெமீலாவும் அங்கேதான், சர்பத்துக் கலக்கிக்கொண்டிருந்தாள். கூடத்தில் மரைக்கார் எந்த மாதம் தோது என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். ஒருவரும் பேசவில்லை.

அப்போது துணிக்குப் பின்னாலிருந்து, எங்கள் நடுவில் இருந்து சொல்வதுபோல, ஒரு பெண்ணின் குரல் வந்தது.

"இவன்ட மனசெல்லாம் இன்னும் அந்தப் புள்ளையோடதான் கிடக்கு. காவின் எழுதிக் கலியாணம் முடிஞ்சா மறந்திருவான். நீ வாயத் திறந்திராத."

குசுகுசுப்புத்தான். ஆனால் நாக்கு அண்ணத்தில் ஒட்டி விடுபடுவது வரைக்கும் கேட்டது. மாப்பிள்ளையின் தகப்பன் கையிலிருந்த கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மச்சானைப் பார்த்தேன். அவர் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மரைக்கார் ஊர் விவகாரம் பார்த்துப் பழகிய ஆள். ஒன்றும் நடக்காததுபோலத் தொண்டையைச் செருமி, நாளைச் சொல்லி, "ஃபாத்திஹா ஓதுவம்" என்று இரண்டு கையையும் ஏந்தினார். ஃபாத்திஹா ஓதினால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். நானும் ஏந்தினேன். மச்சானின் கை கடைசியாகத்தான் உயர்ந்தது. ஆமீன் சொல்லும்போது அவருடைய உதடு அசையவில்லை.

அவர்கள் போன பிறகு என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப் போனார். ஜெமீலாவிடம் சொல்ல வேண்டும் என்றார். கேட்டதைக் கேட்டபடி, ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லிவிட்டு, முடிவை அவளிடம் விடப் போவதாகச் சொன்னார்.

எனக்குக் கோபம் வந்தது. பயமும்தான். நான் கொண்டுவந்த சம்மந்தம், ஃபாத்திஹா ஓதியாகிவிட்டது, குழப்பினால் ஏன் என்று ஊர் கேட்கும். பாட்டுக் குழலால் கலியாணம் முறிந்த பெண் என்று அவளுக்குப் பெயர் வரும், அவளுக்குப் பின்னால் இரண்டு தங்கச்சிகள் இருக்கிறார்கள், இளந்தாரிப் பிள்ளையின் மனசு நாலு நாளில் மாறிவிடும் என்றெல்லாம் அடுக்கினேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, இருந்தாலும் சொல்ல வேண்டும் என்றார். அப்போதுதான் நான் அதைச் சொன்னேன்.

"அது உங்களுக்கெண்டு சொன்ன கதையில்ல, மச்சான். பொம்புளைகள் தங்களுக்குள்ள கதைச்சத ஒட்டுக் கேட்டிருக்கிறம். கேட்டதே பாவம். அத எடுத்து இன்னொராளுக்குச் சொல்றது அதவிடப் பாவம்."

மச்சான் கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டார். பொய் சொல்லாத மனிதரைப் பாவம் என்ற கயிற்றைத் தவிர வேறு எந்தக் கயிற்றாலும் கட்ட முடியாது. பிறகு என் பக்கம் திரும்பினார். பதினெட்டு இருபது வருசத்தில் அவர் என்னிடம் யோசனை கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"நீங்க சொல்றது சரிதானா?"

"ஓம். சரிதான்" என்றேன்.

அடுத்த நாள் மரம் அறுக்கிற வாளை எடுத்து அவரே குழலை அறுத்தார். ஜெமீலா அழுதுகொண்டு வந்து ஏன் வாப்பா என்று கேட்டாள். கலியாண வீடு மகள் என்று சொல்லிவிட்டு அறுத்துக்கொண்டேயிருந்தார். மேசனைக் கூப்பிடாமல் தானே கல் வைத்துச் சுவரை அடைத்தார். ராத்தா அந்தக் கடதாசியால் ஒரு மாதம் அடுப்பு மூட்டினாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றி அடைத்துக் கொடுத்துவிட்டார் என்று ஊரில் மெச்சினார்கள். மெசினை யாருக்கோ கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் எதையும் கேட்டதில்லை. என் கடைக்கு வந்தால், பாட்டுப் போகிறது என்றால் வெளியிலேயே நிற்பார்.

நிக்காஹ் அன்று பெண்ணின் பொறுப்பாளராக, வலி என்பார்கள், இருந்து மகளை மணமுடித்துக் கொடுக்கும் வசனத்தைத் தகப்பன்தான் சொல்ல வேண்டும். மச்சான் சொன்னார். காதில் விழவில்லை என்றார் கலியாணம் எழுதுகிறவர். மறுபடி சொன்னார். மாப்பிள்ளைக்குக் கேட்க வேண்டும், கொஞ்சம் பலமாக என்றார் அவர். மூன்றாவது தரம்தான் சபைக்குக் கேட்டது. மகளைப் பிரிகிற துக்கம் என்று எல்லாரும் நினைத்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன்.

மாப்பிள்ளையைக் கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். கை நீட்டியதில்லை, குரல் உயர்த்தியதில்லை. வைத்ததைத் தின்பான், கேட்டதற்குப் பதில் சொல்வான், பாடசாலைக்குப் போவான், வருவான். கடனுக்கு வந்து தங்கிய விருந்தாளிபோல இருந்தான். தன்னோடு கோபித்துக்கொண்டாலாவது பரவாயில்லை என்று ஜெமீலா ராத்தாவிடம் சொல்லி அழுதாளாம். ஒரு பிள்ளை பிறந்தது. பிறகு வேறு மாவட்டத்துக்கு இடமாற்றம் வாங்கிக்கொண்டு போனான். அந்தப் பெண் இருந்த ஊர் அது. மூன்றாம் வருசம் அவளைக் கலியாணம் முடித்துவிட்டான் என்று தகவல் வந்தது. அதற்குப் பின்னால் தலாக் கடிதம்.

கடைசியில் அவனுடைய உம்மா பேரப்பிள்ளையைப் பார்க்கிறேன் என்று வந்து ஜெமீலாவோடு வாய்த்தர்க்கப்பட்டிருக்கிறாள். தெரிந்துகொண்டே என்னை ஏமாற்றினீர்களே என்று ஜெமீலா கேட்க, கிழவிக்கு ரோசம் வந்துவிட்டது. வீடு பார்க்க வந்த அன்றைக்கே, திரும்பிப் போகும் வழியில், அவள் குசுகுசுத்தது கூடத்தில் எல்லாருக்கும் கேட்டுவிட்டது என்று அவளுடைய புருஷன் அவளிடம் சொல்லியிருக்கிறார். உன்னுடைய வாப்பாவும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதானே கை ஏந்தினார், எங்களை மட்டும் ஏன் குற்றம் சொல்கிறாய் என்று போட்டு உடைத்துவிட்டாள்.

ஜெமீலா நேரே பின் வளவுக்கு வந்தாள். பகல் பத்து மணியிருக்கும். மச்சான் மர வாங்கில் இருந்து விதைநெல் புடைத்ததில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் இருந்தேன். பிள்ளை அவள் இடுப்பில் இருந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது.

"வாப்பா, அண்டைக்கு மாமி கதைச்சது உங்களுக்குக் கேட்டதா?"

மச்சான் சுளகைக் கீழே வைத்தார்.

"கேட்டது, மகள்."

"எல்லாமா?"

"ஓம். எல்லாம் கேட்டது."

"எனக்கு ஏன் சொல்லல்ல?"

மாமா வேண்டாம் என்றார் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அது பொய்யுமல்ல. அவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"சொல்லியிருக்க வேணும். நான் சொல்லல்ல" என்றார்.

அவள் இன்னும் ஏதாவது வருமா என்று பார்த்து நின்றாள். வரவில்லை. பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டாள். நான் அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. மச்சான் சுளகை மறுபடி எடுத்தார். கல்லையும் நெல்லையும் அவரால் பிரிக்க முடியவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, கடைக்கு நேரமாகிறது என்று சொல்லி எழும்பி வந்துவிட்டேன். நானும் இப்படி ஒரு மனிதன்!

அதற்குப் பிறகு அவர் ஆறு வருசம் உயிரோடு இருந்தார். ஜெமீலா அவருக்குச் சோறு கொடுத்தாள், படுக்கையில் விழுந்தபோது துடைத்துக் கழுவினாள். தேவையான சொல்லுக்கு மேல் ஒரு சொல் அவரோடு கதைக்கவில்லை. அவர் மவுத்தாகிற அன்றும் நான் பக்கத்தில் இருந்தேன். அப்போதாவது அவளைக் கூப்பிட்டுச் சொல் என்று என் மனம் சொன்னது. ஆட்கள் நிறைய இருக்கிறார்கள் என்று எனக்கு நானே ஒரு சாட்டுச் சொல்லிக்கொண்டேன்.

ஜெமீலாவும் இப்போது பேரப்பிள்ளை கண்டுவிட்டாள். போன பெருநாளுக்குப் போயிருந்தேன். பழைய கதை எதையோ கதைக்கும்போது, எங்கள் வாப்பா ஊருக்கெல்லாம் நீதியாக நடந்தார், என்னை மட்டும் கைவிட்டுவிட்டார் மாமா என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். அப்படிச் சொல்லாதே மகள் என்று நான் சொன்னேன். அதற்கு மேல் வரவில்லை.

அவள் முன்னால் இருந்து நானே வாசித்துக் காட்ட வேண்டும் என்றுதான் இதை எழுதத் தொடங்கினேன். எழுதி முடித்து மூன்று மாதமாகிறது. அவள் வீடு என் வாசல் படலையிலிருந்து பார்த்தால் தெரியும். இன்னும் போகவில்லை.